பங்கர் என்று எழுதுங்கோ

ரோட்டன்ஹைட
யூன் 19

அன்புள்ள அக்கா,

என் நம்பரை நீங்கள் தடுத்து வைத்திருக்கிறீர்கள். அத்தானின் போனுக்கு எடுத்தால் அதையும் நீங்களே தூக்கி, என் குரல் கேட்டவுடன் வைத்துவிடுகிறீர்கள். சரி, வையுங்கள். கடிதத்தை அப்படி வைக்க ஏலாது. கிழித்துப் போடுவதற்கு முன் ஒரு வரியாவது கண்ணில் படும். அந்தத் துணிவில்தான் பேனாவை எடுத்தேன்.

கோவில் திருவிழாவில், அன்னதான வரிசையில் நின்றுகொண்டு, "அக்கா, அந்தக் கூரைக்குக் கீழ அத்தானை இடியப்பம் மாதிரி அவிக்கிறியள்" என்று நான் சொன்னது பிழைதான். நாலு பேருக்கு முன்னால் சொன்னது பிழை. சொன்ன விஷயம் பிழையில்லை. ஐந்தாம் மாடி, தலைக்கு மேலே தார்க்கூரை, யன்னல் எல்லாம் மேற்குப் பக்கம். பின்னேரத்தில் உங்கள் சுவரில் கை வைத்துப் பார்த்தவன் நான். இதயம் பழுதான மனுசன் அதற்குள் எப்படி இந்தக் கோடையைத் தாண்டப் போகிறார்?

இங்கே நான் இருப்பது பழைய செங்கல் வீடு. சுவர் நல்ல தடிப்பு. கீழே மண்ணுக்குள் இறக்கிக் கட்டின ஒரு கெல்லர் இருக்கிறது. வெளியே காகம்கூடப் பறக்காத மத்தியானத்தில் கெல்லருக்குள் போனால் சேட்டுக்கு மேலே இன்னொன்று போட வேண்டும். அங்கே ஒரு கட்டிலும் போட்டுவிட்டேன். ஆருக்கு என்று கேட்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

அத்தானை அனுப்புங்கள். வெக்கை அடங்கும் வரைக்கும்தான். நானே காரில் வந்து ஏற்றிக்கொண்டு போவேன். நீங்கள் என்னோடு கதைக்கக்கூட வேண்டாம். கதவைத் திறந்து அவரை விட்டால் போதும்.

உங்கள் தம்பி
விஜயரத்தினம்


நொய்கெல்ன், பேர்லின்
யூன் 23

தம்பி விஜயனுக்கு,

கிழிக்கத்தான் எடுத்தேன். இவர் கையில் இருந்து பறித்து வாசித்துவிட்டார். வாசித்துச் சிரித்தார் வேறு. "இடியப்பத்தில பிழையில்லைத்தானே கமலம்" என்கிறார். உங்கள் இரண்டு பேருக்கும் என்னைப் பார்த்தால் பகிடியாக இருக்கிறது. அன்னதான வரிசையில் பின்னால் நின்று கேட்ட பிறேமா இப்பவும் தமிழ்க் கடையில் கண்டால், "என்னக்கா, இடியப்பம் அவிஞ்சுதோ?" என்று கேட்கிறாள். காய்கறியை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நான் என்ன, வேண்டுமென்றா இவரை இங்கே வைத்திருக்கிறேன்? வேறு வீடு பேர்லினில் எங்கே கிடக்கிறது? வீட்டுக்காரன் யன்னலுக்கு வெளியே மறைப்புப் போட விடமாட்டேன் என்கிறான், கட்டடத்தின் வடிவு கெட்டுவிடுமாம். சமையலறையில் மிஞ்சிக் கிடந்த அலுமினியத் தாளை எல்லாம் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். பெற்சீற்றை நனைத்துத் தொங்கவிடுகிறேன். காற்றாடி சுடுகாற்றைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கிறது. காலமை வேலைக்குப் போகும்போது இவரைக் குளியலறைத் தரையில் தலையணை போட்டு இருத்திவிட்டுப் போகிறேன். அந்த ஓட்டுத் தரை ஒன்றுதான் கொஞ்சம் குளிர்.

தண்ணீர்தான் பெரிய கொடுமை. இதயத்துக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று டொக்டர் அளந்து கொடுத்திருக்கிறார். கூடினால் கால் வீங்கி மூச்சு முட்டும். இந்த வெக்கையில் அந்தப் போத்தல் மத்தியானத்துக்கு முன்னமே முடிந்துவிடுகிறது. பேந்து பின்னேரம் முழுக்கக் குழாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கட்டின மனுசன் தண்ணி கேட்க, இல்லை என்று சொல்லுகிறவளைக் கடவுள் எங்கே கொண்டுபோய் வைப்பாரோ தெரியாது.

அதற்காக உன் காட்டுக்கு அனுப்ப மாட்டேன். வீட்டு வாசலில் இருந்து கல்லெறிந்தால் பைன் மரத்தில் படும் என்று நீதானே சொன்னாய். றேடியோவில் பிராண்டன்பேர்க் காட்டுத்தீ பற்றிச் சொல்லாத நாள் இல்லை. வீட்டுக்குள் வேகாமல் காட்டுக்குள் வேகவா அனுப்பச் சொல்லுகிறாய்?

நீயும் அந்தக் காட்டை விட்டுவிட்டு இங்கே வா. இருக்கிற இடத்தில் இருப்போம்.

அக்கா


ரோட்டன்ஹைட
யூன் 28

அன்புள்ள அக்கா,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததே பெரிய காரியம். ஏச்சாக இருந்தாலும் பரவாயில்லை.

காட்டைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். ஊர் வாசலில் ஒரு பலகை இருக்கிறது, காட்டுத்தீ அபாயம் எந்தப் படியில் என்று அதில் காட்டுவார்கள். இப்போது ஐந்தாம் படி, அதற்கு மேலே படி இல்லை. காட்டுக்குள் போகக்கூடாது, வெளியே அடுப்பு மூட்டக்கூடாது, காய்ந்த புல்லில் காரை நிறுத்தக்கூடாது. ஸ்பார்கல் மரக்கறித் தோட்டத்தில் என்னோடு வேலை செய்கிறவர்கள் சிகரெட்டைக்கூட வாளித் தண்ணீருக்குப் பக்கத்தில் நின்றுதான் பத்துகிறார்கள்.

நான் செய்யக்கூடியதைச் செய்திருக்கிறேன். வீட்டைச் சுற்றிக் கிடந்த பைன் ஊசிகளை எல்லாம் கூட்டி அள்ளிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். கூரைப் பீலியும் துப்பரவு. காரின் முகம் எப்போதும் தெருவைப் பார்த்துத்தான் நிற்கிறது, திறப்பும் அதிலேயே செருகி. தீயணைப்புக்காரர் ஒலிபெருக்கியில் போகச் சொன்னால் ஏறி ஓட வேண்டியதுதான். பாதை ஒன்றுதான், அது காட்டுக்கு எதிர்ப்பக்கம் போகிறது.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், பேந்து ஒளித்துவிட்டான் என்று சொல்லக்கூடாது. இந்தக் காடு முந்தி ராணுவம் குண்டு பழகின இடம். அவர்களுடைய பழைய உலக யுத்தத்துக் குண்டுகளும் மண்ணுக்குள் கிடக்கின்றன. நெருப்பு மேலே போனால் அவை வெடிக்கும். அதனால் தீயணைப்பு வண்டி உள்ளே போகாது, பாதையில் நின்றுதான் தண்ணீர் அடிக்கும். போன வருஷம் அடுத்த ஊரில் அப்படி வெடித்த சத்தம் எனக்குக் கேட்டது.

இதை மட்டும் அத்தானுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். சத்தம் என்றால் அவர் எப்படி என்று உங்களுக்குத் தெரியும்.

இத்தனையும் சொல்லிவிட்டு இன்னும் அதையேதான் கேட்கிறேன். நெருப்பு வரலாம், வராமலும் விடலாம். உங்கள் வீட்டு வெக்கை ஒவ்வொரு நாளும் வருகிறது.

விஜயன்


நொய்கெல்ன்
யூலை 3

விஜயன்,

நேற்று இவர் விழுந்துவிட்டார்.

வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கிறேன், சத்தமில்லை. குளியலறைக்கும் சமையலறைக்கும் நடுவில் கிடக்கிறார். தண்ணீர்க் குழாய்க்குப் போகத்தான் எழும்பியிருக்கிறார் என்று நினைக்கிறேன். தோல் காய்ந்து நெருப்பாகச் சுடுகிறது, வியர்வையே இல்லை. என்னைப் பார்த்து, "பள்ளிக்கூடம் விட்டுட்டுதோ?" என்று கேட்டார். அம்புலன்ஸ்காரர் ஐந்து மாடியும் கதிரையில் வைத்து இறக்கினார்கள், அந்தப் பிள்ளைகளுக்கும் மூச்சு வாங்கியது.

ஆஸ்பத்திரியில் நரம்பில் ஏற்றி, குளிர்ப்படுத்தி, இன்று காலமை அனுப்பிவிட்டார்கள். கட்டில் இல்லையாம். இவரைப் போல வயது போனவர்கள் நடைபாதை முழுக்கப் படுத்திருக்கிறார்கள். அங்கே நின்ற டொக்டர் பெட்டை என்னைத் தனியே கூப்பிட்டு, "இதே வீட்டுக்குத் திரும்பிப் போனால் அடுத்த முறை கொண்டுவந்து சேர்க்க மாட்டீர்கள்" என்று சொன்னாள். நல்ல பிள்ளை. ஒளிக்காமல் சொன்னாள்.

வா. வந்து கூட்டிக்கொண்டு போ. கடிதம் கண்ட உடனே வா.

தண்ணீர் அளவு போத்தலில் கோடு போட்டிருக்கிறது. அதற்கு மேலே கெஞ்சினால் நாக்கில் வைக்க ஐஸ் துண்டு ஒன்று கொடு, விழுங்கவிடாதே. காலமைக் குளிசையில் வெள்ளை சலம் போகிறதுக்கு, மறக்காதே. உப்புப் போட்ட எதையும் கண்ணில் காட்டாதே, மனுசன் ஊறுகாய் திருடுவார். பாதம் வீங்கினால் விரலால் அழுத்திப் பார், குழி நின்றால் உடனே டொக்டரிடம் கொண்டு போ.

குண்டு விஷயம் நான் சொல்லவில்லை. காடு பக்கத்தில் இருக்கிறது, நல்ல காற்று என்றுதான் சொன்னேன். நீயும் சொல்லாதே.

நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் அவசரம் என்றால் மட்டும் எடு. இப்போது உன்னோடு கதைத்தால் அழுதுவிடுவேன், அதை நீ கேட்க வேண்டாம்.

அக்கா


ரோட்டன்ஹைட
யூலை 10

அன்புள்ள அக்கா,

முதலில் நல்ல செய்தி. அத்தான் நித்திரை கொள்கிறார். சும்மா நித்திரை இல்லை, குறட்டை. கெல்லர்க் கட்டிலில் படுத்தால் மத்தியானம் முழுக்க எழும்புவதில்லை. வந்த அன்று படியில் இறங்கும்போது, "என்னடா தம்பி, பிணவறைக்கோ கொண்டுபோறாய்" என்று பகிடி விட்டார். இப்போது என்னிலும் பார்க்க அவர்தான் முந்தி இறங்குகிறார். கால் வீக்கம் வற்றிவிட்டது, அழுத்தினால் குழி நிற்கவில்லை. போத்தலில் பின்னேரம்கூடத் தண்ணீர் மிச்சம் இருக்கிறது. அதை எனக்குத் தூக்கிக் காட்டி, "கமலத்துக்குப் படம் எடுத்து அனுப்பு" என்கிறார். ஊறுகாய் வீட்டில் இல்லை என்று சத்தியம் பண்ணியும் அலுமாரி எல்லாம் தேடிப் பார்த்துவிட்டார்.

பின்னேரம் வெயில் சாய்ந்த பிறகு வாசலில் கதிரை போட்டு இருக்கிறார். எதிர்வீட்டு மனுசி ஒருநாள் தன் தோட்டத்துச் செர்ரிப் பழம் கொண்டுவந்தாள். அத்தான் தன்னுடைய பஸ் ஓட்டின காலத்து ஜெர்மனில் அவளோடு ஒரு மணித்தியாலம் கதைத்தார். அவள் போன பிறகு, "நல்ல மனுசி, ஆனா பேர்லின் ஆக்களைப் பிடிக்காது" என்றார். அவளோடு சேர்ந்து பேர்லினை அவரும் திட்டியிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

வெக்கை இங்கேயும் பொல்லாததுதான். தோட்டத்தில் விடியமுன் தொடங்கி மத்தியானத்தோடு விட்டுவிடுகிறோம். குளம் வற்றி மீன் செத்து நாறுகிறது. மழை என்று ஒன்று இருந்ததே மறந்துபோய்விட்டது.

அத்தான் சொல்லச் சொன்னது: "கமலம், நீ தனிய அந்த அடுப்புக்குள்ள கிடக்காதை. வேலையை விட்டுப்போட்டு வா." நான் சொன்னால் கேட்க மாட்டீர்கள். அவர் சொல்வதையாவது கேளுங்கள்.

விஜயன்


நொய்கெல்ன்
யூலை 15

விஜயன்,

கடிதத்தை வாசித்துவிட்டு அழுதேன், பிறகு சிரித்தேன். குறட்டை என்று வாசித்ததும் எனக்கே நித்திரை வந்துவிட்டது. இத்தனை வருஷம் அந்தக் குறட்டையைத் திட்டினவள் நான்.

ஆனால் இன்று றேடியோவில் உங்கள் பக்கத்து ஊர்ப் பெயர் சொன்னார்கள். காடு பத்திவிட்டதாம், காற்று மாறினால் பரவுமாம். எனக்கு வேலையில் கை ஓடவில்லை. துடைத்த மேசையையே திருப்பித் திருப்பித் துடைத்துக்கொண்டு நின்றேன், மேற்பார்வைக்காரி வந்து கையைப் பிடித்தாள்.

இவரைத் திருப்பிக் கொண்டுவந்து விடு. இங்கே குளிராக ஒரு இடம் பார்த்துவிட்டேன். தேவாலயம் ஒன்றைப் பகலில் வயது போன ஆட்களுக்குத் திறந்து விட்டிருக்கிறார்கள், உள்ளே குளிராம். காலமை நானே கூட்டிக்கொண்டு போய் விடுவேன், பின்னேரம் கூட்டிவருவேன். ஐந்து மாடி ஏறுவதுதான் கஷ்டம். ஏற்றுவேன். முதுகில் சுமந்தாவது ஏற்றுவேன்.

அக்கா


ரோட்டன்ஹைட
யூலை 18

அன்புள்ள அக்கா,

பக்கத்து ஊர் நெருப்பைப் பிடித்துவிட்டார்கள். புகை மணம் இன்னும் இருக்கிறது, ஆனால் காற்று எங்கள் பக்கம் இல்லை. தீயணைப்பில் தொண்டு செய்கிற ஆள் ஒருவர் என்னோடு வேலை செய்கிறார். அவரிடம் கேட்டேன். "ஒலிபெருக்கி சொன்னால் போ, சொல்லும் வரைக்கும் இரு" என்றார்.

அத்தானை இப்போது திருப்பிக் கொண்டுவந்தால் நீங்கள் அவரை ஒவ்வொரு நாளும் ஐந்து மாடி ஏற்றி இறக்க வேண்டும். அந்த இதயம் இரண்டு நாள் தாங்காது. கோபிக்காதீர்கள், நான் கொண்டுவர மாட்டேன். வருகிற கிழமை முடிய வெக்கை உடையும் என்று சொல்கிறார்கள். உடைந்த அன்றே கொண்டுவந்து உங்கள் வாசலில் விடுகிறேன்.

அவரிடமும் கேட்டுப் பார்த்தேன். "உன்ர கொக்காவுக்குச் சொல்லு, நான் இஞ்ச ராசா மாதிரி இருக்கிறன் எண்டு" என்றார். பிறகு, "அவள் பாவம். தனிய" என்றார்.

இந்த ஒரு கிழமை என்னை நம்புங்கள்.

விஜயன்


நொய்கெல்ன்
ஓகஸ்ட் 2

விஜயரத்தினம்,

செத்த வீடு முடிந்தது. நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபடியால் கோவிலில் இருந்து சந்திரமௌலி அண்ணைதான் வந்து கொள்ளிக் கடமை எல்லாம் செய்தார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. உன்னைத்தான் இவர் பிள்ளை என்று வளர்த்தார். அந்த நாளில் நீயும் இல்லை.

நான் உன்னை வந்து பார்த்தேன். உனக்குத் தெரியாது, மூக்கிலும் வாயிலும் குழாய் வைத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் நின்றேன். உன்னை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் வந்துவிட்டேன்.

எனக்கு விளங்காதது ஒன்று இருக்கிறது. வீடு எரியவில்லை. விறகுக் கொட்டில்தான் எரிந்ததாம். கார் தெருவைப் பார்த்தபடி வாசலில் நின்றதாம், திறப்பும் அதிலே. ஒலிபெருக்கி வண்டி உன் வாசலால் இரண்டு தரம் போனதாம். எதிர்வீட்டு மனுசி தன் பூனையையும் தூக்கிக்கொண்டு ஆட்களைச் சேர்க்கிற இடத்துக்குத் தப்பிப் போய்விட்டாள். அவள்தான், உன் கார் வந்து சேரவில்லை என்று தீயணைப்புக்காரரைப் பிடித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். அவர்கள் வந்து பார்த்தபோது நீங்கள் இரண்டு பேரும் கெல்லருக்குள். கொட்டில் புகை கெல்லர் யன்னலால் உள்ளே இறங்கி நிறைந்திருக்கிறது.

ஏன் கெல்லர்? பாதை திறந்து கிடந்தது. ஒரு கிழமை நம்புங்கள் என்று எழுதினாய், நம்பினேன். ஏன் அவரைக் காரில் ஏற்றவில்லை? பொலிஸ் எனக்கும் விசாரணைக்கு நாள் குறித்து டெர்மின் கொடுத்திருக்கிறது. அதற்கு முன் உன் வாயால் எனக்குத் தெரிய வேண்டும். ஒன்றையும் விடாமல் எழுது.

கமலாம்பிகை


ரோட்டன்ஹைட
ஓகஸ்ட் 8

அக்கா,

நேற்றுத்தான் வீட்டுக்கு விட்டார்கள். மூச்சு இன்னும் முழுக்க வரவில்லை. விட்டுவிட்டு எழுதுகிறேன்.

அன்று வேலை இல்லை. மத்தியானம் காற்று திடீரென்று திரும்பியது. காட்டுக்கு மேலே புகை மஞ்சளாக எழும்பியது, சூரியன் சிவப்பாகிவிட்டது. அத்தான் கெல்லரில் படுத்திருந்தார். நான் இறங்கிப் போய் எழுப்பிக் கூட்டிவந்தேன். போத்தல், குளிசை, அவருடைய செருப்பு எல்லாவற்றையும் காரில் வைத்தேன். ஒலிபெருக்கி வண்டி வந்தது. அத்தான்தான் முதலில் கேட்டு, "எல்லாரையும் போகச் சொல்லுறாங்கள் தம்பி, நட" என்றார். நாங்கள் வாசலுக்கு வந்துவிட்டோம். கார்க் கதவில் என் கை இருந்தது.

அப்போது காட்டுக்குள் ஒன்று வெடித்தது. பிறகு இன்னொன்று. முதலில் ஒரு குத்து, பிறகு காதுக்குள் ஒரு அடைப்பு, காலுக்குக் கீழே மண் துள்ளும். உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அது என்னவென்று எனக்குத் தெரியும், அக்கா. உங்களுக்கு எழுதினவனே நான்தான். மண்ணுக்குள் கிடந்த பழைய குண்டு, நெருப்பில் வெடிக்கிறது, எங்களை நோக்கி ஆரும் அடிக்கவில்லை. அவ்வளவும் தெரிந்தும் அந்த நேரம் தலைக்குள் ஒன்றும் இருக்கவில்லை. ஷெல் என்ற ஒரு சொல்தான் இருந்தது.

அத்தான் காருக்குப் போவம் என்றார். நான்தான் அவருடைய கையைப் பிடித்துக் கெல்லருக்குள் இழுத்துக்கொண்டு போனேன். கதவைச் சாத்தினேன். சுவரோடு இருத்தினேன். தலையைக் குனியச் சொன்னேன். வெடித்துக்கொண்டே இருந்தது. ஒலிபெருக்கி திரும்பவும் போனது, எனக்குக் கேட்டது, வெளியே போனால் செத்துவிடுவோம் என்றுதான் நினைத்தேன். புகை வந்தது. அவர் இருமினார். பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது.

ஆஸ்பத்திரிக்குப் பொலிஸ் வந்தது. மொழிபெயர்க்கிற பிள்ளை போனில் நின்றாள். ஆர் முதலில் இறங்கியது என்று கேட்டார்கள். நான் என்று சொல்லிக் கையெழுத்து வைத்துவிட்டேன். நோயாளி மனுசனை, போகச் சொல்லியும் போகவிடாமல் கெல்லருக்குள் வைத்தது வழக்காக வரலாமாம். வரட்டும்.

உங்களுக்குச் சொல்ல என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. அவர் சாக நான்தான் காரணம். டெர்மினில் அப்படியே சொல்லுங்கள்.

விஜயன்


நொய்கெல்ன்
ஓகஸ்ட் 16

தம்பி,

டெர்மினுக்குப் போய்வந்தேன். நடுவயதுப் பொலிஸ்காரன், மரியாதையான ஆள். யன்னலைச் சாத்தி, காற்றாடியை என் பக்கம் திருப்பி வைத்தான். மொழிபெயர்க்க வந்தவள் லக்சிகா என்று ஒரு பிள்ளை. ஸ்டுட்கார்ட்டில் பிறந்து வளர்ந்தவள், இங்கே படிக்கிறாள். ஆஸ்பத்திரியில் உனக்குப் போனில் நின்றவளும் அவள்தான்.

நீ கையெழுத்து வைத்ததை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். "நான் அவரைக் கையில் பிடித்துக் கெல்லருக்குள் இழுத்துக்கொண்டு போனேன்." கெல்லர் என்ற அந்தச் சொல் எனக்கு இடித்தது. "பிள்ளை, அவன் கெல்லர் எண்டோ சொன்னவன்?" என்று கேட்டேன்.

"இல்லை அன்ரி. பங்கர் எண்டு சொன்னவர். அங்க பங்கர் ஒண்டும் இல்லைத்தானே, கெல்லர்தானே. அதான் மாத்திப் போட்டனான்" என்றாள். அவளில் குற்றமில்லை. அவள் ஒருநாளும் அதற்குள் இருந்ததில்லை.

"பங்கர் என்று எழுதுங்கோ" என்றேன்.

அவள் வாய் திறக்கமுன் பொலிஸ்காரன் நிமிர்ந்து பார்த்தான். அவர்களுக்கும் அதே சொல்தான், தம்பி. எந்த பங்கர், எங்கே இருக்கிறது என்று கேட்டான். "அங்க இல்லை ஐயா. யாழ்ப்பாணத்தில, எங்கட வளவுக்குள்ள. என்ர மனுசன் வெட்டினது" என்றேன்.

பிறகு எல்லாம் சொன்னேன். பொம்பர் வரும்போது நீ ஒருநாளும் தானாக இறங்கினதில்லை. முற்றத்தில் வாயைத் திறந்துகொண்டு வானத்தைப் பார்த்து நிற்பாய், கால் நகராது. இவர்தான் ஒவ்வொரு முறையும் ஓடி வந்து உன் மணிக்கட்டில் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உள்ளே தள்ளுவார். உனக்குப் பதினாலு, பதினைந்து வயது. நான் உள்ளே இருந்து உங்கள் இரண்டு பேரின் காலையும் பார்த்துக்கொண்டிருப்பேன், எண்ணிக்கை சரிதானா என்று. இங்கே வந்தும் மனுசன் மாறவில்லை. வருஷப் பிறப்புக்கு நொய்கெல்னில் வெடி தொடங்கினால் கீழே கெல்லருக்குப் போய்விடுவார். முப்பது வருஷமும் அப்படித்தான். வெளியில் சொல்ல வெட்கப்படுவார், அதனால் நானும் சொன்னதில்லை.

அப்படியான மனுசன் "காருக்குப் போவம்" என்று சொன்னாராம், நீ இழுத்தாயாம். ஆருக்கடா எழுதுகிறாய் இதை?

ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபோது உன் வலது மணிக்கட்டைப் பார்த்தேன். நாலு விரலும் ஒரு பெருவிரலும் நீலமாகப் பதிந்திருந்தன. அவருடைய பிடி எனக்குத் தெரியும். கூட்டத்துக்குள் தெரு கடக்கும்போதெல்லாம் என்னைப் பிடிக்கிற பிடி அது. உங்களைத் தூக்கிவந்த தீயணைப்புக்காரனையும் பொலிஸ்காரன் விசாரித்திருக்கிறான். அவருடைய கையை உன்னில் இருந்து பிரித்தெடுக்கத்தான் நேரம் போனது என்று அவன் சொன்னானாம். பொலிஸ்காரன் அதைத் தேடி எடுத்து வாசித்துப் பார்த்துவிட்டு உன் கையெழுத்தைத் தள்ளி வைத்தான். வழக்கு வராது என்றுதான் நினைக்கிறேன்.

உன்னில் கோபமில்லை என்று எழுதப் பார்த்தேன், வரவில்லை. நீ மூச்சு விடுகிறாய், அவர் விடவில்லை. அது எனக்கு இன்னும் பொறுக்கவில்லை. குண்டு கிடக்கிறதை அவருக்குச் சொல்லாமல் நாங்கள் இரண்டு பேரும் ஒளித்தோம். சொல்லியிருந்தால் காரில் ஏறியிருப்பாரோ? தெரியாது. தெரிந்த நீயே ஏறவில்லை. நான் நின்றிருந்தாலும் உங்கள் இரண்டு பேருக்கும் பின்னால் இறங்கிக் கதவைச் சாத்தியிருப்பேன்.

வருகிற கிழமை முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி. ஐயரோடு கதைத்துவிட்டேன், கடமையை நீதான் செய்ய வேண்டும். படி ஏற மூச்சு வாங்கும், ஒவ்வொரு மாடியிலும் இருந்து இருந்து வா. கதவைத் திறந்து வைக்கிறேன். என் முகத்தைப் பார்த்துக் கதைக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதே, இப்போதைக்கு என்னால் ஏலாது.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள். ஷெல் விழுகிறது, பிள்ளையை உள்ளே கொண்டுவந்துவிட்டேன், அவன் தப்பிவிட்டான் என்று நினைத்துக்கொண்டுதான் அந்த மனுசன் செத்திருக்கிறார். உன் கையை விடாமல் பிடித்துக்கொண்டு செத்திருக்கிறார். பொலிஸுக்காகவோ எனக்காகவோ அதை அவரிடம் இருந்து பறிக்காதே.

அக்கா